மாசோப் பாட்டு வந்த வழி

நாலு வரி போதும் என்றுதான் கேட்டிருந்தார்கள். கல்யாண வீடுகளிலும் பள்ளி விழாக்களிலும் இப்போது எல்லாரும் ஆடுகிற மாசோப் பாட்டு எங்கிருந்து வந்தது, முதலில் ஆடியது யார் என்று, ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்காக. இதே கேள்விக்கு நான் முன்பு ஒருமுறை நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நாலு வரியில் ஒன்றுகூட உண்மையில்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீளமாக எழுதினால் உண்மையாகிவிடுமா என்பது எனக்குத் தெரியாது.

காஜா பெராங் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டிக்கும் நடுவில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. நான் சொல்லப்போகிறவள் அந்தக் குழாய்க்கு மறுபக்கம் இருந்தவள். அவள் என்று எழுதலாமா, அவர் என்று எழுத வேண்டுமா? என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். நேரில் நீங்கள், வாருங்கள் என்றுதான் பேசினேன். ஆனால் மனத்துக்குள் ஒருநாளும் அவளை அவர் என்று நினைத்ததில்லை. மனத்தில் இருந்ததையே எழுதுகிறேன்.

குள்ளமான உருவம். பூப்போட்ட சாரோங், அதன்மேல் மூன்று ஊசி குத்திய வெள்ளைக் கெபாயாச் சட்டை, நெற்றியில் திருநீறு, கொண்டையில் மல்லிகை. பல தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து இங்கேயே கலந்துவிட்ட செட்டி மக்கள் எல்லாரையும் போல அவளும் கோயிலுக்குத் தவறாமல் போவாள். தமிழ் பேச வராது. பேசியது அவர்களுடைய மலாய். நடுநடுவே கற்பூரம், விபூதி, தாலி என்று தமிழ்ச் சொற்கள் தலைகாட்டும். எனக்கு அந்த மலாய் சீக்கிரமே பழகிவிட்டது. இப்போது நினைத்தால் அவள் பேச்சு என் காதில் தமிழாகவே கேட்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். குழந்தைகள் அவளைப் பீபி என்று கூப்பிடுவார்கள். அத்தை, பெரியம்மா எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். நான் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் அவளுக்குச் சேகு, அதாவது டீச்சர்.

அவளால் ஒன்றை மட்டும் தாங்க முடியாது. யாரும் வெளியே நிற்கக் கூடாது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மழைக்கு ஒதுங்கிய தபால்காரரை நடு வீட்டுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்து, அவர் நனைத்த தரையை அவரோடு பேசிக்கொண்டே துடைப்பாள். அவளுடைய மகன் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது, "படம் பிடிக்கிறவரு தனியா வெளிய நிக்கிறாரே" என்று அவரையும் வரிசைக்கு இழுத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு கருவியைச் சரிசெய்துவிட்டு, வழியோடு போன ஒரு சீனப் பெரியவரிடம் அழுத்தச் சொல்லிவிட்டு வந்து நின்றார். அவள் அந்தச் சீனப் பெரியவரையும் கூப்பிட ஆரம்பித்தாள். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள்; அவள் வாய் மட்டும் யாரையோ கூப்பிடுகிற வடிவத்தில் திறந்திருக்கிறது.

மாசோப் பாட்டும் அப்படித்தான். மாலை நாலு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். வாளிகள் வரிசையில் நிற்கும். பெண்களும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் சண்டைதான் நடக்குமாம். அவள் கைதட்டிக்கொண்டு நடுவில் போவாள்.

"மாசோ, மாசோ, சியாப்பா டி லுவார்?
மாசோ, மாசோ, துஞ்சோக் கெர்ஜா!"

உள்ளே வா, உள்ளே வா, வெளியே யார்? உள்ளே வா, வேலையைக் காட்டு. அவ்வளவுதான் பாட்டு. அவள் கைநீட்டிய ஆள் வட்டத்துக்குள் வந்து, தான் தினமும் செய்கிற ஒரு வேலையை மூன்று தட்டுக்கு மூன்று முறை நடித்துக் காட்ட வேண்டும். துணி கும்முகிறவள் கும்மிக் காட்டுவாள். தையல் மிஷின் வைத்திருப்பவள் காலை ஆட்டுவாள். வட்டம் முழுவதும் அதைத் திரும்பச் செய்யும். அடுத்த ஆள் வந்ததும் அவள் வேலை, பிறகு முந்தியவள் வேலை, பிறகு அதற்கும் முந்தியது என்று மாலை போலக் கோத்துக்கொண்டே போக வேண்டும். யாராவது மறந்தால் சிரிப்பு. பார்த்துக்கொண்டு வெளியே ஒருவர் நின்றாலும் பாட்டு முடியாது. அது அவள் சட்டம்.

அந்தப் பாட்டு யாருடையது என்ற வழக்கு குழாயடியில் வாரம் ஒருமுறை நடக்கும். கடலோர மீனவர் குடியிருப்பான உஜோங் பாசிரிலிருந்து கூனி இறால் கூடையோடு வருகிற பெண், "இது எங்க ஆளுங்க பாட்டு. வலை இழுக்கறப்போ ஆடுறது" என்பாள்.

"ஆமா, ஆமா. உங்க பாட்டுதான்" என்பாள் பீபி.

பக்கத்து மலாய்க்கார அம்மாள் விடமாட்டார். "எங்க கம்போங்ல நெல்லு குத்தறப்போ எங்கம்மா பாடுவாங்க."

"அதான் சொல்றேன், உங்க பாட்டுதான்."

"என்னா பீபி, இப்பதானே அவளோடதுன்னீங்க?"

"அவளோடதும்தான். ஒரு பாட்டுக்கு ஒரு அம்மாதான் இருக்கணுமா?"

எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு பிறப்பிடம் இருக்க வேண்டும் என்று படித்தவள் நான். அதைவிட, ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மாதான் இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு மிகவும் உறுதியாக இருந்தது.

என் மகள் கலாவுக்கு அப்போது நாலு வயது. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்தது. என் மடியிலேயே கண் மேலே செருகியது. அதற்குப் பிறகு என் புறங்கை தானாக அவள் நெற்றிக்குப் போய்விடும். காலையில், குளித்ததும், சாப்பிடும்போது, விளையாட்டின் நடுவில். வைத்தால் உடனே எடுக்கமாட்டேன். சூடு இருக்கிறதா, என் கைதான் குளிர்ந்திருக்கிறதா என்று சந்தேகம் தீரும்வரை அப்படியே வைத்திருப்பேன். "விடு, புள்ள மூச்சு விடட்டும்" என்பார் என் கணவர்.

கலாவைக் குழாயடிக்கு அனுப்ப மனமில்லாமல்தான் அனுப்பினேன். அவள் செருப்பையும் துண்டையும் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு ஐந்தடி தள்ளி நிற்பேன். பீபி தினமும் என்னைப் பார்த்துக் கைநீட்டுவாள். "மாசோ, சேகு!" நான் துண்டைத் தூக்கிக் காட்டுவேன், கை வேலையாக இருக்கிறது என்பதுபோல. உண்மையில் வெட்கமா, கர்வமா, தெரியவில்லை. உள்ளே போனால் எந்த வேலையைக் காட்டுவது என்ற பயமும் இருந்தது. எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. நான் நாள் முழுவதும் ஒரு குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பீபி எனக்காகத் தானே உள்ளே போனாள். "சேகு வரமாட்டாங்க. சேகு வேலைய நான் காட்டறேன்" என்றாள். புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வட்டத்தில் இருந்த இருபது முப்பது பேரும் சிரித்துக்கொண்டே நெற்றியைத் தொட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கலாவும் தொட்டாள். குதித்துக் குதித்துத் தொட்டாள்.

என் வலியை எடுத்து விளையாட்டுப் பொருளாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். கலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாளியைக்கூட எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் வாசலில் என் வாளி நிரம்பி நின்றது. யார் வைத்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

"ஒரு பாட்டுக்குப் போயி இவ்ளோ பொறாமையா?" என்றார் என் கணவர்.

"பொறாமையா? எனக்கா? தமிழே தெரியாத ஒருத்தியப் பாத்தா?"

"உன் வாயத் தொறந்தா அவங்க பேச்சுத்தான் வருது. அத சொன்னேன்."

அவர் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிற கிராணி. இருப்பைச் சரிபார்ப்பதுபோல்தான் என்னையும் பார்ப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல்.

நாடு சுதந்திரம் பெறப்போகிற வருடம் அது. எல்லாப் பள்ளியிலும் விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து, பெண்பிள்ளைகளுக்கு ஏதாவது பழக்கித் தரச் சொன்னார். நான் நாட்டை வாழ்த்திப் பன்னிரண்டு அடியில் ஒரு கும்மி எழுதினேன். எதுகை மோனை ஒன்றும் பிசகவில்லை. ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்கு நானே போய் ரிப்பன் துணி எடுத்து வந்தேன். பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் ஆடினார்கள். ஒழுங்காக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

ஒருநாள் நான் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்பியபோது உள்ளே மாசோப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. காஜா பெராங்கிலிருந்து வரும் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் சன்னலுக்கு வெளியே நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க புடிச்சீங்க டீச்சர் இந்தப் பாட்ட? அந்தக் கும்மிய விட்டுடுங்க. இதப் போடுவோம். நிகழ்ச்சித் தாள்ல அச்சடிக்க நாலு வரி எழுதித் தாங்க, எங்கேருந்து வந்தது, யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு."

அன்று மாலை நேர்மையாகத்தான் பீபியிடம் போனேன். அதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். "இந்தப் பாட்டு எங்கேருந்து வந்துச்சு? உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

அவள் வெற்றிலை மடித்துக்கொண்டே யோசித்தாள். "எங்கம்மா பாடுவாங்க, பாதி. மீதி பாதி குழாயடியில வந்தது. இறால்காரி வலை இழுத்துக் காட்டினா. மலாய்க்கார அம்மா நெல்லு குத்திக் காட்டினாங்க. நீ நெத்திய காட்டின."

"நான் காட்டல. நீங்க காட்டினீங்க."

"உன் கைதானே? எல்லார் பேரும் எழுதிடு சேகு. என் பேரும் ஒரு ஓரமாப் போட்டுடு. அச்சுல என் பேரு வந்ததே இல்ல." கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவள் முகத்தில் சின்னப் பெண்போல ஒரு வெட்கம் வந்துபோனது.

எழுதியிருப்பேன். ஆனால் திரும்பி வரும்போது குழாயடிப் பாசியில் கலா வழுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான் அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். கலா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். "பீபி!" என்று கத்தினாள்.

அந்த ஒரு கூப்பாட்டோடு வீட்டுக்கு வந்து, மேசை முன் உட்கார்ந்து, நாலு வரி எழுதினேன். அது தமிழகத்து வயல்வெளியில் பல தலைமுறையாக நம் பெண்கள் பாடி ஆடிவந்த பழம்பாட்டு. காலப்போக்கில் இங்கே சிதைந்து பிற மொழிச் சொற்கள் கலந்தது. அதைத் தேடி எடுத்துச் செப்பம் செய்து பழக்கியவர் இன்னார். இன்னார் என்ற இடத்தில் என் பெயர்.

விழா மாலையில் பிள்ளைகளுக்கு மூன்று பேர் வேலையோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். மூன்று முடிந்தது. பிள்ளைகள் நிறுத்தவில்லை. சபையைப் பார்த்தார்கள். அத்தனை பேர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது எப்படி முடிப்பது? மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். தலைமை தாங்க வந்திருந்த அதிகாரி கொஞ்சம் திகைத்து, பிறகு கையெழுத்துப் போட்டுக் காட்டினார். மண்டபமே கையெழுத்துப் போட்டது. பிறகு கரும்பலகை, பிறகு வலை, பிறகு நெற்றி. நான் திரைக்குப் பின்னால் ரிப்பன் பெட்டியோடு நின்றேன். பீபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஓரம்வரை வந்து கைநீட்டினாள். நான் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் காலையில் நிகழ்ச்சித் தாளை நாலாக மடித்துக் கெபாயாவுக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"படிச்சுக் காட்டு சேகு."

கலா அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் தாளை வாங்கினேன். அச்செழுத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததை அவளுடைய மலாயில் வாசித்தேன். இது காஜா பெராங் குழாயடிப் பாட்டு. இறால் கொண்டுவரும் பெண் ஒரு பங்கு தந்தாள். நெல் குத்திய அம்மாள் ஒரு பங்கு தந்தார். இவர்கள் எல்லாரையும் ஒரு வட்டத்தில் சேர்த்தவர் இன்னார். இன்னார் என்ற இடத்தில் அவள் பெயரைச் சொன்னேன். நன்றாக வாசித்தேன். எழுதும்போது வராத நடையெல்லாம் வாசிக்கும்போது வந்தது.

"என் பேரு எது? காட்டு."

என் பெயரின்மேல் விரலை வைத்து, "இது" என்றேன்.

அவள் அதைத் தடவிப் பார்த்தாள். "நீளமாத்தான் இருக்கு" என்றாள், திருப்தியாக.

ஒரு வாரத்தில் அந்தத் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. அவள் வீட்டின் இரண்டு கதவும் எப்போதும் திறந்தே இருக்கும். தெருவிலிருந்தே தெரியும். காலையில் விளக்கேற்றிவிட்டு அந்தப் பெயரை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன்.

தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது அந்த வீட்டுக்குள் போனால்? இந்த நினைப்பில் எனக்கு நாலு வருடம் போனது. கோயில் பண்டாரம் அவள் வீட்டு வாசலில் நின்றால் என் கையில் இருப்பது நழுவும். அவளுக்கு வடை சுட்டு அனுப்புவேன். தீபாவளிக்கு முதல் தட்டு அவளுக்குத்தான். "சேகு ரொம்ப மாறிட்டா" என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். கலாவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே இருக்க விட்டேன். பயத்தினால் செய்ததைப் பாசம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சில நாள் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பாட்டு அதற்குள் என் பிடியை விட்டுப் போய்விட்டது. வேறு பள்ளிகள் பிள்ளைகளை அனுப்பிக் கற்றுக்கொண்டன. கூடவே என் நாலு வரியையும் பிரதி எடுத்துப்போயின. கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் சேர்த்துவைக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று ஆயிற்று. என் நாலு வரி கைமாறிக் கைமாறி எட்டு வரியானது. அதில் ஒரு மன்னனும் ஓர் ஏரிக்கரையும் வந்து சேர்ந்தார்கள். மூவாரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க தமிழகத்துல, எங்க ஊருல நான் சின்னப் பையனா இருக்கறப்பவே கேட்ட பாட்டும்மா இது. நல்லவேள, நீங்க காப்பாத்திட்டீங்க" என்று கண்கலங்கினார். என் பொய்க்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அவரை என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றேன்.

கலாவுக்கு எட்டு வயதானபோது பீபியின் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவளையும் அழைத்துப்போக வந்தான். புறப்படுகிற அன்று நான் போனபோது வீடு காலியாகிக்கொண்டிருந்தது. சுவரில் சட்டம் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அவள் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"இந்தா சேகு. இது உன்னோடது. உன் பேருதானே இருக்கு."

நான் துணிச்சுற்றை வாங்கிக்கொண்டேன்.

"பண்டாரம் படிச்சுச் சொன்னாரு" என்றாள்.

"எப்ப?"

"நீ படிச்ச அன்னிக்கே. உங்கிட்டேருந்து நேரா கோயிலுக்குத்தான் போனேன், பெருமையாக் காட்டலாம்னு. அவரு படிச்சாரு. நான் இல்ல, திரும்பப் படிங்கன்னேன். மூணு தடவ படிச்சாரு, பாவம்."

"தெரிஞ்சுமா கண்ணாடி போட்டு மாட்டினீங்க?"

"அவரு படிச்சதயா மாட்டினேன்? நீ படிச்சத மாட்டினேன். எவ்ளோ அழகாப் படிச்ச!" சிரித்தாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "முதல்ல ரெண்டு நாள் அழுதேன், மறைக்கல. அப்புறம் யோசிச்சேன். ஒரு வருசமாக் கூப்பிட்டேன், நீ வரல. கதவு ரெண்டும் தொறந்துதான் கெடந்துச்சு. நீ கூரையப் பிரிச்சுக்கிட்டு உள்ள குதிச்ச. எப்படியோ வந்துட்டல்ல? தக் அப்பா" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் சொல்வது. காலில் முள் குத்தினாலும் அதைத்தான் சொல்வாள்.

நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நான் செய்த ஒரே திருட்டு. அதையும் அவள் தன் வீட்டு விருந்தாக மாற்றிவிட்டாள். என்னால் என் பிள்ளையின் ஒரு கூப்பாட்டை மன்னிக்க முடியவில்லை. அவள் அச்சில் வராத தன் பெயரை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு நாலு வருடம் என் பெயரைத் தொட்டுத் தொட்டு அன்றாட வேலையைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் என்னைப் போன்றவர்கள் எங்கே நிற்பது?

மலருக்காகக் கேட்டு வந்தபோது அவளுக்குச் சிங்கப்பூருக்குக் கடிதம் போட்டேன். இந்த முறை உங்கள் பெயரை எழுதப் போகிறேன், அனுமதி கொடுங்கள் என்று. மகன் கையெழுத்தில் பதில் வந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான்: "என் பெயர் மட்டும் வேண்டாம். வட்டத்துக்குள் வந்த எல்லார் பெயரும் போடு. இடம் இல்லையென்றால் ஒருத்தர் பெயரும் போடாதே. கலாவுக்கு இப்போது பல் வரிசை சரியாகிவிட்டதா? இங்கே எங்கள் மாடிக் கட்டடத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்."

எல்லார் பெயருக்கும் மலரில் இடம் இல்லை. எனக்குப் பாதிப் பெயர் தெரியவும் தெரியாது; ஐந்தடி தள்ளி நின்றவளுக்கு எப்படித் தெரியும்? ஆகவே கலாவைத் தவிர ஒருவர் பெயரும் எழுதவில்லை. என் பெயரையும்.

போன வாரம் என் இரண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல். ஏழு மாதம். கஞ்சி ஆற்ற நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் கலாதான் தொட்டிலருகே இருந்தாள். அவளுக்கு இப்போது பத்து வயது. நான் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அவள் தம்பியின்மேல் குனிந்திருந்தாள். மாசோ, மாசோ என்று வாய்க்குள் பாட்டு. புறங்கை அவன் நெற்றிக்குப் போனது.

கதவருகிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கையை அவள் யாரிடம் கற்றாள்? ஒன்பது வருடமாக அவள் நெற்றியில் இருந்த என் கையிடமா, குழாயடியில் குதித்துக் குதித்து ஆடிய அந்த வட்டத்திடமா? பாட்டின் மூலம் தெரியாவிட்டால் போகட்டும். இது எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

ஒன்று. தொட்டு எடுத்தாள். இரண்டு. தொட்டு எடுத்தாள். பாட்டின் தட்டுத்தான். கிண்ணம் கையில் சுட்டது. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை தொட்டவள், கையை எடுக்கவில்லை. பாட்டு நின்றது. சூடு அவன் நெற்றியிலா, தன் கையிலா என்று சந்தேகம் தீராதவளைப் போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்படியே வைத்திருந்தாள்.